பச்சை மண்ணாக இருக்கும்போதே



கார்த்திகை நெருங்குகிறது. நேற்று நம்ம விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் அங்கே சிறிய அளவில் அகல் விளக்கு செய்கிறார். ஏழு பேருக்கு வேலை.

மண் குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஒருவர் ஊற்றுகிறார். அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் விளக்கு கெட்டிப்பட்டுக் கழன்று வரும். ஓரத்தைச் சீவி, ஈர ஸ்பான்ஜால் துடைப்பது ஓர் அம்மா. பிறகு காயவைத்து, சூளைக்கு.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கையை நிறுத்தினார். "தம்பி, ஊத்தறத நிறுத்தச் சொல்லுங்க. அச்சு ஊறிப்போச்சு, தண்ணி இழுக்கல. ஓரமெல்லாம் விரியுது."

முதலாளியிடம், அதுவும் என் முன்னால். ஆர்டர் கொடுக்க வேண்டிய நேரம் வேறு. அவர் முகம் சுருங்கியது உண்மைதான். ஆனாலும் ஒரு விளக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சரிக்கா. மழைக்கு எங்க காயப்போகுது? அச்சையெல்லாம் சூளை ஓரமா அடுக்கச் சொல்லுங்க" என்றார். விரிந்த விளக்குகள் மண் தொட்டிக்கே திரும்பின. வேகாத மண்ணைக் கரைத்து மறுபடி ஊற்றலாம். 1000 டிகிரியைத் தாண்டி வெந்துவிட்டால் கொட்ட வேண்டியதுதான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். சிறந்த குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் வந்தது! அவர்கள் தவறை மறைக்காமல் சொன்னதுதான் காரணம்.

நானோ, சண்டை போடாமல் இருப்பதுதான் ஒற்றுமை என்று வருஷக்கணக்கில் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்தவன்.

ஒருமுறை கரும்பலகையில் ஒரு குறியைத் தவறாகப் போட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து சொன்னான். "உனக்கு ரொம்பத் தெரியுமோ?" என்று உட்கார வைத்தேன். வகுப்பே சிரித்தது. அன்று இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் சத்தமில்லாமல் திருத்தி எழுதினேன். அவன் பெயரைச் சொல்லவில்லை.

அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை. "ஊசி விழுந்தா கேக்குது சார் உங்க வகுப்புல" என்று சக ஆசிரியர்கள் பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன். யாருக்கு என்ன புரியவில்லை என்பது பரீட்சைத் தாளில்தான் தெரிந்தது.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதிருக்கும். இதைப் படித்தால், தம்பி, அது கழித்தல் குறிதான். நீ சொன்னதுதான் சரி.