மீன்பாடும் வாவியும் செவி திறந்த சிறுவரும்

மட்டக்களப்பு நகரைத் தழுவிக் கிடக்கும் வாவியின் நீளம் ஏறக்குறைய 56 கிலோமீட்டர். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்தால் மெல்லிய இன்னோசை கேட்கும் என்பர் இவ்வூரார். 1848-இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் அதனைக் கேட்டு வியந்து எழுதினார். 1947-இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் விபுலானந்த அடிகள் அதனை நீரரமகளிரின் இசையாகப் பாடினார்.

இத்தகைய இசைநாட்டிலும் ஓசையறியாது பிறக்கும் குழந்தைகள் உளர். உட்செவியில் நத்தையோடு போற் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் கடுமையாகப் பழுதுற்றால், ஒலியைப் பெருக்கும் கருவியாற் போதிய பயன் விளையாது போகலாம். அந்நிலையில், செவி நரம்பை மின்துடிப்பால் நேரே தூண்டும் கருவியைச் சத்திரசிகிச்சை மூலம் பொருத்துகின்றனர். 1978-இல் மெல்போணில் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தி வழிகாட்டினார். இன்று இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

ஆயினும், சிகிச்சை முடிந்ததும் பிள்ளை பேசிவிடும் என்று எண்ணுதல் தவறு. சில வாரங்களின் பின்னரே கருவி இயக்கப்படும். முதலில் கேட்பது பொருளற்ற அரவமே. சில குழந்தைகள் அஞ்சி அழுவதும் உண்டு. துடுப்பு ஓசையைக் கொணரும். அதனைப் பாட்டென்று அறிவது மனமன்றோ? அம்மனத்தைப் பழக்க ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். மூன்று வயதுக்குள் தொடங்கினால் பயன் மிகுதி.

பேச்சுப் பயிற்சியாளரைக் காண்பது வாரத்தில் ஒரு மணி நேரமாயின், எஞ்சிய பொழுதெல்லாம் தாயே ஆசிரியை. கோவில் மணி, தேவாலய மணி, பள்ளிவாசலின் பாங்கு, மீன் விற்பவரின் கூவல் ஆகிய ஒவ்வொன்றையும், “கேட்டாயா? அது என்ன?” என்று சுட்டிக்காட்டிப் பெயர் சொல்ல வேண்டும். முகத்தைப் பாராமலே குரலை உணரவும் பழக்க வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருத்தல் நன்று. வாவியில் நீராடும்போது மட்டும், நீர்புகா உறையில்லையேல், புறக்கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். உப்புக்காற்றின் ஈரம் அதனைக் கெடுக்குமாதலால், இரவில் ஈரமுறிஞ்சும் பேழையில் வைப்பது அவசியம்.

இவ்வூர்த் தாய்மார் தாலாட்டில் வல்லவர். செவி திறந்த பிள்ளைக்கு அத்தாலாட்டினும் சிறந்த மருந்து வேறில்லை. பிள்ளை ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்ல மாதங்கள் பல ஆகலாம். அதுவரை பேச்சை நிறுத்தாதிருப்பதே பெற்றோர் கடன்.