ஓடும் கோடு உணர்த்திய உண்மை



காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் உடல் வெப்பத்தைக் காலையில் ஒருமுறை அளந்து, "குறைந்துவிட்டது" என்று ஆறுதல் அடைகிறோம். நள்ளிரவில் அது எவ்வளவு ஏறியது, எப்போது இறங்கியது என்பதை அந்த ஒற்றை எண் சொல்வதில்லை. தொடர்ந்து அளந்து கோடாக வரையும்போதுதான் முழு நிலவரமும் புலப்படும். எங்கள் இல்லத்தில் இவ்வுண்மை ஓர் உயிரைத் தொட்டுச் சென்றது.

என் உம்மா பல்லாண்டுகளாக இன்சுலின் செலுத்திக்கொள்பவர். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் பாதுகாக்க வேண்டும். உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அவருக்கு மருந்தின் அளவைக் கூட்டிய பின்னரும் சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை. உணவிலோ பழக்கத்திலோ மாற்றம் ஏதுமில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த வெப்பமானியும் நாங்கள் பார்த்த போதெல்லாம் 4 அல்லது 5 என்றே காட்டிற்று.

"வாப்பா, நாம் பார்ப்பதெல்லாம் பகலில்தானே? இரவு முழுவதும் பார்ப்போம்" என்றாள், பொறியியல் பயிலும் என் மகள்.

அவள் எடுத்துக்கொண்டவை இரண்டே பொருள்கள். ஒன்று, 2005-இல் இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவாகிய ஆர்டுயினோ வகைச் சிறு மின்பலகை. மற்றொன்று, டி.எஸ்.18பி20 என்னும் வெப்ப உணரி. பனிக்கட்டி மிதக்கும் நீரில் அதை முதலில் அமிழ்த்தி, பூஜ்யத்தை ஒட்டியே காட்டுகிறதா என்று சோதித்துக்கொண்டாள். பின்னர் அதன் மெல்லிய கம்பியைக் கதவின் ரப்பர் விளிம்பு வழியே செலுத்தி, மருந்துப் பெட்டியின் அருகிலேயே வைத்தாள்.

பலகையிலிருந்து கணிப்பொறிக்குச் செய்தி செல்லும் வாயிலைச் சீரியல் போர்ட் என்பர். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடப்பதுபோல், அதன் வழியே துணுக்குகள் வரிசையாகச் செல்லும். விநாடிக்கு 9600 துணுக்குகள் என்பது வழக்கமான வேகம். ஓர் எழுத்துக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 துணுக்குகள் தேவை. ஆகவே விநாடிக்கு 960 எழுத்துகள் செல்லும். உணரியோ நுட்பமாக அளக்க முக்கால் விநாடி எடுத்துக்கொள்வது. இரண்டு விநாடிக்கு ஓர் அளவு என்பதே எங்களுக்குப் போதுமானதாயிற்று.

வந்த எண்களைப் பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல் ஒன்று கோப்பில் சேமித்தது. மேட்பிளாட்லிப் என்னும் வரைகருவி அவற்றைத் திரையில் உடனுக்குடன் கோடாக நீட்டியது. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் வரைந்து காணும் தேவைக்காக ஜான் ஹண்டர் என்ற ஆய்வாளர் படைத்த கருவி அது.

இம்முயற்சியில் இறங்க விரும்புவோர் மூன்றினைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இணைப்புத் தொடங்கியதும் வரும் முதல் வரி பாதியாக வரக்கூடும், அதைத் தள்ளிவிடுங்கள். இரண்டாவது, திடீரென 85 என்று வந்தால் அஞ்சாதீர்கள். மின்சாரம் பெற்றதும் உணரி காட்டும் தொடக்க எண் அது. -127 என்று வந்தால் கம்பி விடுபட்டது என்று பொருள். மூன்றாவது, வரைபடத்தின் மேல், கீழ் எல்லைகளை நீங்களே நிலைப்படுத்துங்கள். கருவியின் போக்கில் விட்டால் அரை டிகிரி மாற்றமும் மலைபோல் தோன்றும். நாங்கள் -5 முதல் 15 வரை எல்லை வகுத்து, 2-இலும் 8-இலும் சிவப்புக் கோடுகள் இட்டோம்.

பகலில் கோடு இரம்பப் பற்கள்போல ஏறி இறங்கியது. இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமான இயல்பான தாளம் அது. பின்னிரவில், கதவு திறக்கப்படாத வேளையில், ஒவ்வொரு பல்லும் முந்தையதைவிடத் தாழ்ந்தது. கோடு சிவப்பு எல்லையைக் கடந்தது. பூஜ்யத்தையும் கடந்து -3 வரை இறங்கியது. மருந்து இருந்த இடம் பனிக்கட்டி அறைக்கு நேர் கீழே. பகலில் 4 என்று காட்டிய அதே தட்டு, இரவில் மருந்தை உறையச் செய்திருக்கிறது!

மருத்துவரிடம் வரைபடத்தைக் காட்டினோம். அம்மருந்து முழுவதையும் அப்புறப்படுத்தச் சொன்ன அவர், புதிய மருந்தைக் கூட்டிய அளவிலேயே செலுத்தினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும் என்று எச்சரித்து, அளவையும் குறைத்தார். மருந்தை நடுத்தட்டுக்கு மாற்றி மேலும் இரண்டு இரவுகள் கோட்டைக் கவனித்தோம். அது 3-க்கும் 6-க்கும் இடையிலேயே நின்றது. சில வாரங்களில் உம்மாவின் சர்க்கரையும் சீரடைந்தது.

கணிப்பொறி இல்லாத இல்லத்தாரும் கவலையுற வேண்டியதில்லை. மிகக் குறைந்த, மிக உயர்ந்த வெப்பங்களை நினைவில் வைத்துக் காட்டும் வெப்பமானிகள் கடைகளில் கிடைக்கின்றன. இன்சுலினைப் பனிக்கட்டி அறையின் அருகிலோ, பின்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். உறைந்ததோ என்ற ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேளாமல் செலுத்தாதீர்கள். இன்றே உங்கள் இல்லத்தில் மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இரவிலும் அவ்விடம் எப்படி இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.