ஷூபர்ட் சகோதரர்களின் சொத்து

பிறந்த ஊரை விட்டு வந்து வேற்றூரில் காலூன்றிய குடும்பங்களுக்கு நடுத்தர வயதில் ஒரு கவலை வந்து சேரும். இங்கே நாம் உண்டாக்கியதை நமக்குப் பின் யார் ஏற்று நடத்துவார் என்பதே அது. மத்திய அரசின் எழுத்தருக்கு அப்படி என்ன சொத்து இருக்கிறது என்று அன்பர்கள் புன்னகை செய்யலாம். வீட்டையும் நிலத்தையும் நாம் சொல்லவில்லை. சங்கம், அதன் நூலகம், ஆண்டுதோறும் அது அரங்கேற்றும் நாடகம் ஆகியவற்றையே சொல்கிறோம். இந்தக் கவலையோடு அமெரிக்க நாடகத் தொழிலின் வரலாற்றைப் படித்தபோது, நம்மைப்போலவே ஊர் பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் கதை நம்மை நிறுத்தி வைத்தது.

ஷூபர்ட் குடும்பத்தினர் யூதர்கள். அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த லித்துவேனியாவிலிருந்து 1880-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரில் குடியேறினர். தந்தை ஊர் ஊராய்ச் சுமை தூக்கிச் சென்று சரக்கு விற்றவர். வறுமை காரணமாகப் பிள்ளைகள் இளமையிலேயே உழைக்க நேர்ந்தது. சாம், லீ, ஜேக்கப் என்னும் மூன்று ஆண்மக்களில் சாம் நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தார். நிகழ்ச்சி நிரல் விற்கும் பையனாகத் தொடங்கி, சீட்டு விற்பனைப் பொறுப்புக்கு உயர்ந்து, பின் கொட்டகையையே குத்தகைக்கு எடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். தம் சகோதரர்களையும் தொழிலில் சேர்த்துக்கொண்டார். 1900-இல் நியூயார்க்கின் ஹெரால்ட் ஸ்கொயர் தியேட்டர் அவர்கள் குத்தகைக்கு வந்தது.

அந்நாளில் அமெரிக்க நாடக உலகம் சிண்டிகேட் என்னும் கூட்டணியின் பிடியில் இருந்தது. 1896-இல் ஆறு பேர் சேர்ந்து அமைத்த கூட்டணி அது. எந்த நாடகம் எந்த ஊரில் எந்த நாளில் நடக்க வேண்டும் என்பதை அவர்களே வகுத்தனர். அவர்களைப் பகைத்துக்கொண்ட குழுவுக்கு ஊர்களில் மேடை கிடைப்பதே அரிது. ஷூபர்ட் சகோதரர்கள் துணிந்து அந்தப் பகையைத் தேடிக்கொண்டனர். போராட்டம் முற்றிய வேளையில், 1905 மே மாதம், பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் அருகே நேர்ந்த ரயில் விபத்தில் சாம் உயிரிழந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது கூட நிறையவில்லை.

தலைவனை இழந்த குடும்பம் அத்தோடு ஓய்ந்துவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். பிரெஞ்சு நடிகை சாரா பெர்னாரின் அமெரிக்கப் பயணத்தை ஷூபர்ட் நிறுவனம் ஏற்றிருந்தது. கூட்டணியின் கொட்டகைகள் அவருக்குக் கதவடைத்தன. டெக்சாஸ் பகுதியில் 1906-இல் பெரும் கூடாரம் அடித்து அதில் அவரை நடிக்க வைத்தனர். கீற்றுக் கொட்டகையில் நாடகம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. பார்க்க விரும்பும் மக்கள் இருந்தால் மேடை எங்கும் அமையும்.

லீயும் ஜேக்கப்பும் பல நகரங்களில் அரங்குகளை எழுப்பியும் வாங்கியும் சிண்டிகேட்டை வென்றனர். 1913-இல் நியூயார்க்கின் 44-ஆம் தெருவில் மாண்ட சகோதரர் சாமின் பெயரால் ஷூபர்ட் தியேட்டரைத் திறந்தனர். ஆனால் உயிரோடிருந்த இருவருக்குள் ஒற்றுமை நிலைக்கவில்லை. லீயின் அலுவலகம் அந்தத் தியேட்டரின் மாடியில். ஜேக்கப்பின் இருப்பிடம் தெருவுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில். நேரில் பேசுவதைத் தவிர்த்து, இடையாட்கள் வழியாகவே பல காரியங்களை நடத்தினர். பேச்சு நின்றாலும் கணக்கு நிற்கவில்லை. ஒரே பிரிவில் இரண்டு அதிகாரிகள் முகம் பாராமல் கோப்பில் குறிப்பெழுதியே ஆண்டுகளைக் கடத்துவதைக் கண்டிருக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை.

பொருளாதாரப் பெருமந்தத்தில் 1931-இல் நிறுவனம் நொடித்து, நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகிகளின் கைக்குப் போனது. 1933-இல் அதன் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது லீ 4,00,000 டாலருக்கு அவற்றை மீண்டும் எடுத்தார். ஒரு காலத்தில் ஏகபோகத்தை எதிர்த்தவர்கள் தாமே ஏகபோகமானதும் வரலாற்றின் ஒரு முரண். 1950-இல் அமெரிக்க அரசு அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. 1956-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சில அரங்குகளை விற்கவும், பிறர் நாடகங்களுக்கு ஊர்தோறும் மேடை ஒதுக்கித் தரும் தொழிலைக் கைவிடவும் நேர்ந்தது.

இதற்கிடையே லீ 1953-இல் மறைந்தார். ஜேக்கப்பின் ஒரே மகன் ஜான் 1962-இல் தந்தைக்கு முன்பே இறந்தார். ஜேக்கப் அடுத்த ஆண்டு காலமானார். பின்னர் உறவினர் ஒருவர் சில காலம் நடத்திய நிறுவனம், 1972-இல் குடும்பத்தின் வழக்கறிஞர்களாக இருந்த ஜெரால்ட் ஷோன்ஃபீல்ட், பெர்னார்ட் ஜேக்கப்ஸ் ஆகியோரின் பொறுப்புக்கு வந்தது. இரத்த உறவின் வழி அங்கே முடிந்தது. ஆயினும் சொத்து சிதறவில்லை. சாமின் நினைவாக 1945-இல் சகோதரர் இருவரும் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளையே நிறுவனத்தின் உரிமையாளர் ஆயிற்று. இன்று பிராட்வேயில் 17 அரங்குகள் ஷூபர்ட் நிறுவனத்தின் வசம் உள்ளன. அறக்கட்டளை, இலாபநோக்கமற்ற நாடக, நாட்டியக் குழுக்களுக்கு நன்கொடை வழங்குகிறது. குடும்பத்தின் கடிதங்கள், ஒப்பந்தங்கள், கணக்குகள், நாடகப் பிரதிகள் ஆகியவற்றைக் காக்க 1976-இல் ஓர் ஆவணக் காப்பகமும் தொடங்கப்பட்டது. பேசாத சகோதரர்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தது அந்தக் காப்பகமே எனலாம்.

இங்கேதான் நம் கவலை மீண்டும் தலைதூக்குகிறது. நம் சங்க நாடகங்களின் கைப்பிரதிகளைத் தம் வீட்டிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்த பெரியவர் ஒருவர் இருந்தார். பணி ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும் நாள் வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், ஊரில் இருந்த வீடோ சிறியது. பழைய தாள் வாங்குபவரின் தராசில் அந்தப் பிரதிகள் ஏறியதைப் பிறகே அறிந்தோம். அவர்மீது குறை சொல்ல மனம் வரவில்லை. பொதுச் சொத்தை ஒரு வீட்டின் பரணில் வைத்தால் அந்த வீட்டின் விதியே அதற்கும் நேரும்.

சென்ற ஆண்டு நம் இளைய மகன் நாடக வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தான். மேடையில் அவன் தமிழ் தெளிவாகவே ஒலித்தது. நாளை அவன் எந்த ஊரில் இருப்பான், நாடகத்தில் நாட்டம் கொள்வானா என்பதை நாம் தீர்மானிக்க இயலாது. அவனை நம்பித்தான் சங்கம் வாழ வேண்டும் என்று சுமத்துவதும் நியாயமன்று. ஷூபர்ட் குடும்பத்தின் செல்வம் நமக்கு இல்லை. அவர்களுடைய ஏகபோகமும் நமக்கு வேண்டா. ஆனால் பிள்ளைகள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நிலைக்கும்படி ஒன்றை எழுதி வைக்கும் முன்யோசனை, மாதச் சம்பளக்காரருக்கும் எட்டக்கூடியதே.

எஞ்சியுள்ள பிரதிகளுக்கு ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, சங்கத்தின் பெயரில் ஒரு சாவி: செயற்குழுவிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. பதிவேட்டை எழுதும் பணியை நாமே ஏற்கிறோம். நமக்குத் தெரிந்த தொழில் அதுதான்.