பத்தா, பதினொன்றா?

எங்கள் லயத்து வீட்டுக் கம்பியூட்டர், கொழும்பில் அண்ணா வேலை செய்த இடத்தில் கழித்துவிட்டதை வாங்கியது. விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14உடன் அதற்கான வழமையான திருத்தங்கள் நின்றன. தனியாகப் பதிந்தால் இன்னும் ஒரு வருஷம். பிறகும் பெட்டி ஓடும். ஆனால் புதிதாகக் காணும் ஓட்டையை அடைக்க ஆளில்லை.

பதினொன்றுக்கு மாற டி.பி.எம். 2.0 வேணும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். எங்களுடையது ஆறாம் தலைமுறை. வேகத்தில் குறையில்லை, பட்டியலில்தான் பெயரில்லை.

ஹட்டனில் ஒரு பாவித்த லேப்டொப்புக்கு 81,000 ரூபா கேட்டார்கள். "அது எத்தன பேரு?" என்றார் அம்மா. தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். 2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் 60 பேர். அதோடு லேப்டொப் பேச்சு முடிந்தது.

மிச்சம் லினக்ஸ் மின்ட். காசில்லை, டி.பி.எம். கேட்காது, பதியாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பார்த்தோம். வைஃபை பிடித்தது, சூம் வகுப்பும் ஓடியது. ஆனால் அப்பாயி பாடிய தாலாட்டுகளைப் பாமினியில் தட்டி வைத்த ஃபைலைத் திறந்தால், முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பயந்துவிட்டோம், அப்பாயி இப்போது இல்லை. பாமினி எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போட்டதும்தான் தமிழ் திரும்பியது.

பத்தா பதினொன்றா என்றே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டுகள் ஒரேயொரு எழுத்துருவை நம்பி இருந்ததை யோசிக்கவில்லை. இந்த வாரம் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி, இரண்டு இடத்தில் பிரதி வைக்கிறோம். மின்ட் அதுக்குப் பிறகுதான்.