ஜவ்வாது மலையில் இறங்காத டிகாக்‌ஷன்!

மலை ஏறப் போறீங்களா பாஸ்? ஸ்வெட்டர், டார்ச், கேமரா எல்லாம் எடுத்தாச்சா? சரி, காபித்தூளை எந்தப் பதத்துல அரைச்சு வாங்கினீங்க? சிரிக்காதீங்க. ஜவ்வாது மலையில, ராத்திரி பதினொரு மணிக்குத்தான் எங்க நாலு பேருக்கும் இந்தக் கேள்வியோட அருமை புரிஞ்சுது.

போன டிசம்பர். போளூர் வழியா ரெண்டு பைக்குல ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தோம். சாமைக்கும் பலாவுக்கும் தேனுக்கும் பேர்போன மலை. ஆனா, நாங்க போனது நட்சத்திரம் பார்க்க! இதே மலையிலதான் காவலூர் வானாய்வகம் இருக்கு. யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்குன்னு 1977-ல் கண்டுபிடிச்சதுல அதுக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட வானம்! ராத்திரி முழுக்க மொட்டை மாடியில முழிச்சிருந்துட்டு, விடியுறதுக்கு முன்னாடியே பைக்கை எடுத்து மலை இறங்குறதா பிளான். தூக்கத்தை விரட்ட, பாட்டியோட பித்தளை ஃபில்டர் என் பையில ரெடி.

தூளைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினோம். பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... கீழ நாலே சொட்டு! தட்டினோம், குலுக்கினோம். ம்ஹூம்.

குற்றவாளி நான்தான். ‘ஃபில்டருக்குத்தானே தம்பி?’ன்னு கடைக்காரர் கேட்டார். ‘மாவு மாதிரி அரைங்கண்ணே, ஸ்ட்ராங்கா இருக்கணும்’னு பந்தா விட்டது யாரு?

கணக்கு சிம்பிள். துகளோட அளவைப் பாதியாக்கினா, அதே எடைத் தூளோட மேற்பரப்பு ரெண்டு மடங்காகும். சாரம் சீக்கிரம் இறங்கும். ஆனா, தண்ணி போக வழி அடைச்சுக்கும். ஃபில்டர்ல தண்ணியைக் கீழ இழுக்கிறது வெறும் புவியீர்ப்பு மட்டும்தானே!

அதனால, பாத்திரத்தைப் பார்த்துப் பதம் சொல்லுங்க. எஸ்பிரெஸ்ஸோ மெஷின் அழுத்தம் கொடுத்து அரை நிமிஷத்துல முடிச்சிடும். அதுக்கு நல்ல நைஸ். நம்ம ஃபில்டருக்கு அதைவிட ஒரு சுற்று பெருசு. விரல்ல தேய்ச்சா மாவா ஒட்டாம, மெல்லிசா நெருடணும். ஃப்ரெஞ்ச் பிரஸ்ல நாலு நிமிஷம் ஊறும்; கொரகொரப்பா இருக்கட்டும். பச்சைத் தண்ணியில பன்னிரண்டு மணி நேரம் ஊறுற கோல்டு ப்ரூவுக்கும் கொரகொரப்புதான். மாவு மாதிரித் தூள் யாருக்கு? வடிகட்டாமக் குடிக்கிற துருக்கிக் காபிக்கு!

கடையைச் சாத்திட்டிருந்த பக்கத்து டீக்கடை ஆயா எட்டிப் பார்த்தாங்க. ‘‘அதைச் சட்டியில கொட்டு கண்ணு. வெல்லம் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கு. மண்டி அடியில தங்கட்டும், மேலாக ஊத்து.’’

அவ்ளோதான்... மணக்க மணக்க வரக்காபி! துருக்கிக்காரங்க டெக்னிக்கை ஆயா யார்கிட்டயும் கத்துக்கலை.

‘‘எத்தினி மணிக்கு வண்டி எடுக்கிறீங்க?’’

‘‘நாலு மணிக்கு ஆயா.’’

‘‘காபி குடிச்சா தூக்கம் தள்ளிப்போகும் கண்ணு, தீராது. தூங்கி எழுந்து போங்க.’’

ரெண்டு மணி வரைக்கும் வானத்தைப் பார்த்துட்டுத் தூங்கிட்டோம். ஒன்பது மணிக்கு இறங்கும்போது, ஒரு வளைவுல திடீர்னு எதிர்ல பஸ்! சட்டுனு ஒதுங்கி நிறுத்தினேன். பின்னாடி உட்கார்ந்திருந்தவன் மெதுவா சொன்னான், ‘‘நாலு மணிக்கு இந்த பிரேக்கைப் பிடிச்சிருப்பியாடா?’’

பதில் சொல்லலை. ஊருக்கு வந்ததும் அதே கடைக்குப் போனேன். ‘‘ஃபில்டருக்குண்ணே. நீங்களே பார்த்து அரைச்சுக் கொடுங்க!’’