ஆரணித் தறியும் அன்பின் காணிக்கையும்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பயணம் செய்தால் ஆரணியை அடையலாம். கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த இவ்வூர் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் நடப்போர், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவைக் காணலாம். வீடுகளுக்குள்ளிருந்து எழும் தறியின் ஓசையையும் கேட்கலாம்.

அந்த ஓசையே அவ்வீடுகளின் சோறு. நெசவாளர் குழியில் கால்களை இறக்கி, மிதியை மிதித்து, நாடாவை ஓட்டிச் சேலையை முடித்து, முதலாளியிடம் ஒப்படைத்த பின்னரே கூலி கைக்கு வரும். ஒருவர் நெய்ய, மற்றொருவர் தார் சுற்றுவார். கரையைத் தனியே கோத்து நெய்யும் சேலையாயின் தறியில் இருவர் அமர வேண்டும். எனவே, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் ஒருவரது வருமானம் மட்டும் குறைவதில்லை, தறியே நின்றுவிடுகிறது.

நாங்கள் சென்ற ஒரு வீட்டில் தாய்க்குப் புற்றுநோய். வேலூரில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடைபெற்று வந்தது. வாரத்தில் 5 நாள் வீதம் பல வாரங்கள் அங்கேயே தங்க வேண்டும். மருத்துவச் செலவின் பெரும்பகுதியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அறை வாடகையையும், கஞ்சிச் செலவையும், துணையிருக்கும் கணவரின் இழந்த கூலியையும் யார் ஏற்பது?

கேட்டு வாங்கக் கூச்சம் தடுத்தாலும் மூத்த மகள் துணிந்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் எழுதி வந்தாள். “இது கடன் அன்று, ஆனாலும் கணக்கு இருக்க வேண்டும்” என்பது அவள் கொள்கை. பணம் தர இயலாத நெசவாளர் சிலர் முறை வைத்து அவர்கள் தறியில் அமர்ந்து, பாதியில் நின்ற பாவை நெய்து முடித்தனர்.

இதற்கிடையே ஒரு சிக்கல் எழுந்தது. தாய் தங்கியிருந்த விடுதியின் அடுத்த அறையில், வடநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கைப்பணம் தீர்ந்து தவித்தது. “நமக்கு வந்ததில் அவர்களுக்கும் கொடுங்கள்” என்றார் தாய். தந்தையோ, “உனக்காகக் கொடுத்த பணத்தை நாம் எப்படி மற்றவருக்குத் தருவது? கொடுத்தவர்கள் கேட்டால் என்ன சொல்வது?” என்று மறுத்தார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. மகள் நோட்டில் ஒரு கோடு கிழித்து இரண்டாம் பத்தி அமைத்தாள். ஒன்று அம்மாவுக்கு, மற்றொன்று, அங்கே தவிக்கும் பிறருக்கு. கொடுப்பவரே எதில் எழுத வேண்டுமெனச் சொல்லட்டும் என்றாள். தெருவார் பலர் இரண்டிலும் எழுதச் சொன்னார்கள்.

தம் வீட்டுத் துயரிலிருந்து பிறர் துயரைக் காணும் இந்தக் கண் நம் நாட்டிற்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923ஆம் ஆண்டில். அந்தத் துயரம் அவர் உள்ளத்தில் ஒரு மருத்துவமனையாக வளர்ந்தது. அதற்காக அவர் பல ஆண்டுகள் பொதுமக்களிடமும் ஆட்சியாளரிடமும் கையேந்தினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பேணி வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அப்பணியிலேயே நிலைத்திருந்தார். ஒரு தங்கைக்குக் கிட்டாத சிகிச்சை இவ்வாறு எண்ணற்றோர்க்குக் கிட்டிற்று.

காணிக்கைப் பெட்டியில் இரு செப்புக்காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை நாம் அறிவோம். அவளிடம் மிச்சம் என்று ஏதும் இல்லை. இல்லாமையிலிருந்து ஈவோர் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

நம் பங்கில் ஒரு வீட்டில் நோய் நுழைந்ததென்று கேள்விப்பட்டால், “எவ்வளவு பணம் வேண்டும்?” என்று கேட்பது நன்று. “உங்கள் தொழிலை இப்போது யார் பார்க்கிறார்? பிள்ளைகளுக்குச் சோறு யார் வடிக்கிறார்?” என்றும் கேட்பது அதனினும் நன்று. பணம் கொடுக்க வழியில்லாதவரும் ஒரு நாள் உழைப்பைக் கொடுக்கலாம் அன்றோ! கொடுத்ததற்கு ஒழுங்கான கணக்கு இருந்தால், வாங்குவோர் தலை குனிய வேண்டியதில்லை. கொடுப்போர் ஐயுற வேண்டியதும் இல்லை. பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் நாங்கள் கற்று வந்த பாடம் இதுவே.