கொங்கணத்து மாங்கனியும் நாம் கொடுக்கும் விலையும்

மும்பையிலே குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், சித்திரை பிறந்துவிட்டால் மாம்பழப் பேச்சும் பிறந்துவிடும். சேலத்து மல்கோவாவின் பெருமையைத் தாத்தா சொல்லுவார். பங்கனப்பள்ளியின் இனிமையைப் பாட்டி சொல்லுவார். மாதுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த பேரக் குழந்தைகளோ, "ஆப்பூஸ்தான் வேண்டும்" என்று அடம் பிடிப்பார்கள். மாதா ஊட்டாத சோற்றை மாங்காய் ஊட்டும் என்பது முன்னோர் வாக்கு. ஆனால் இந்நாளில் மாங்கனி வாங்குவது அத்தனை எளிய காரியமாக இல்லை. ஒரே கடையில் ஒரே நிறமுடைய மூன்று குவியல்கள் இருக்கும். ஒன்றுக்குப் பெயரே இல்லை. இன்னொன்றின்மேல் 'ரத்னகிரி' என்றோ 'தேவ்கட்' என்றோ எழுதியிருக்கும். மூன்றாவதன்மேல் 'இயற்கை முறையில் விளைந்தது' என்று இருக்கும். குவியலுக்குக் குவியல் விலை ஏறும். இந்த ஏற்றத்தின் பொருள் என்ன, அந்தப் பணம் யாரைச் சென்று சேருகிறது என்பதைக் கனி விளையும் இடத்திலேயே கண்டுவர விரும்பி, ஒரு ஏப்ரல் மாதத்தில் ரத்னகிரிக்குப் புறப்பட்டேன்.

செம்பாறையில் ஒரு சோலை

மும்பையிலிருந்து ரத்னகிரி ஏறக்குறைய 330 கிலோமீட்டர். முன்னாளில் மலைப்பாதையில் இரவெல்லாம் பேருந்தில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். 1998ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கொங்கண் ரெயில்பாதை முழுதும் திறக்கப்பட்ட பிறகு அத்துன்பம் நீங்கியது. ஒரு பக்கம் சஹ்யாத்திரி மலைத்தொடர். மறுபக்கம் தென்னையும் நெல்வயலும் கழிமுகங்களும். ரத்னகிரியை நெருங்கும்போது ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கர்புடே சுரங்கத்துள் வண்டி புகுந்து வெளிப்படுகிறது. லோகமான்ய திலகர் 1856இல் பிறந்த ஊர் ரத்னகிரி. பர்மாவின் கடைசி மன்னர் திபா நாடு கடத்தப்பட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே காலம் கழித்து, 1916இல் மறைந்ததும் இங்கேதான். அவருக்காகக் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது.

ஊரைத் தாண்டினால் எங்கு நோக்கினும் செம்புரைப் பாறை. வெயிலில் அது அடுப்பைப்போலச் சுடுகிறது. இந்தப் பாறையில் வெடி வைத்துக் குழி பறித்து, வேறிடத்து மண்ணைக் கொண்டுவந்து நிரப்பி, ஒட்டுக்கன்றை நடுகிறார்கள். மழைக்காலத்தில் கொட்டும் நீர் நில்லாமல் வடிந்துவிடுகிறது. கோடையில் கடற்காற்று வீசுகிறது. பாறையும் மழையும் உப்புக்காற்றும் கூடிச் செய்த அற்புதமே ஆப்பூஸ் என்னும் அல்போன்சோ. போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க்கின் பெயரால் வழங்கும் இக்கனி, அன்னாரின் நாட்டவர் இங்கே பரப்பிய ஒட்டுக்கலையால் உருவானது என்பர்.

தபோலியில் 1972இல் நிறுவப்பெற்ற கொங்கண் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த அல்போன்சோவையும் நம் நீலத்தையும் கலந்து 'ரத்னா' என்னும் புதிய இனத்தை உண்டாக்கியது. மராட்டிய மண்ணில் தென்னாட்டு மரபும் வேரூன்றியிருக்கிறது என்பது குடியேறி வாழும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா?

நான் கண்ட தோட்டக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். காகா என்றே ஊரார் அவரை அழைத்தனர். நானும் அப்படியே அழைத்தேன். வலைப்பை கட்டிய துறட்டியால், காம்பு ஒடியாமல் ஒவ்வொரு காயாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். காம்பு முறிந்தால் பால் வழிந்து தோல் கறுத்துவிடுமாம். பறித்த காய்களை நிழலில் வைக்கோல்மேல் பரப்பி, மேலும் வைக்கோலிட்டு மூடுகிறார்கள். எட்டுப் பத்து நாள்களில் அவை தாமாகக் கனிகின்றன. அந்த அறைக்குள் நுழைந்தபோது எழுந்த மணத்தை எழுத்தில் வடிக்க இயலாது.

மூன்று ஆண்டுத் தவம்

"இயற்கை முறைக்கு மாறியதால் இலாபம் உண்டா, காகா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "முதல் மூன்று ஆண்டுகள் இலாபத்தைப் பற்றிப் பேசவே கூடாது, பாவூ," என்றார்.

அதன் காரணம் பின்னர் விளங்கிற்று. மாமரத்தைத் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் தாக்கும். ஏனைய தோட்டங்களில் பூக்காலம் தொடங்கிப் பலமுறை மருந்து தெளிப்பார்கள். ஓராண்டு நிறையக் காய்த்து மறு ஆண்டு ஓய்ந்துவிடுவது ஆப்பூஸின் இயல்பாதலால், ஆண்டுதோறும் பூக்கவைக்கும் மருந்தை வேரிலே ஊற்றுவோரும் உண்டு. இவற்றையெல்லாம் கைவிட்டால் விளைச்சல் குறையும். சாண எருவும் வேப்பங்கரைசலும் போதாமல், பழ ஈக்களை மணத்தால் கவர்ந்து பிடிக்கும் பொறிகளை மரங்களில் கட்டவேண்டும். காய்களுக்குக் காகித உறை மாட்டவேண்டும். ஆட்கூலி ஏறும். ஆனால் பல்லாண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்றிதழ் கிடைக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். அந்த மூன்று ஆண்டுகளும் செலவு புதிய முறைக்கு. விற்பனையோ பழைய விலைக்கு.

"நகரத்தார் தோட்டம் பார்க்க வருகிறார்கள். 'விஷமில்லாத பழத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்போம்' என்கிறார்கள். பெட்டியை அனுப்பினால், 'தோலிலே புள்ளி இருக்கிறதே' என்று விலையைக் குறைக்கிறார்கள். அந்தப் புள்ளிதான் மருந்தில்லை என்பதற்கு அடையாளம் என்று யார் அவர்களுக்குச் சொல்லுவது?" என்றார் காகா. அவர் மகன் தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறாராம். அவர் குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது.

பொருளாதார அறிஞர்களும் இதையே வேறு சொற்களில் கூறுகின்றனர். என்ன விலை கொடுப்பாய் என்று கேட்டால் மனிதன் தாராளமாகச் சொல்லுவான். பையிலிருந்து காசை எடுக்கும்போது கை சுருங்கும். வாய்ச்சொல்லை நம்பி ஒரு விவசாயி மூன்று ஆண்டு உழைப்பை முதலிட்டால், நட்டம் அவனுடையதே.

கண்ணுக்குத் தெரியாத குணம்

வாங்குவோரையும் முற்றிலும் குறை கூறுவதற்கில்லை. பழத்தின் நிறத்தைப் பார்த்து அறியலாம். சுவையைத் தின்று அறியலாம். ஆனால் அது ரத்னகிரியில் விளைந்ததா, மருந்தின்றி வளர்ந்ததா என்பதைத் தின்ற பின்பும் அறிய முடியாது. இத்தகைய பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை, உண்மையில் நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலையே. நம்பிக்கை கெட்ட சந்தையில், தரமான பொருளுக்கு உரிய விலை கிடைக்காமல் அது மெல்ல மறைந்துபோகும் என்று 1970இல் எடுத்துக்காட்டியவர் ஜார்ஜ் அக்கர்லாப். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அவ்வறிஞர் பழைய மோட்டார் வண்டிகளை வைத்துச் சொன்னது, மாம்பழத்துக்கும் பொருந்துகிறது.

கர்நாடகத்தின் தார்வாட், ஹாவேரிப் பகுதிகளிலும் அல்போன்சோ விளைகிறது. அதுவும் நல்ல கனிதான். அதை ரத்னகிரிப் பெட்டியில் அடைத்து ரத்னகிரி விலைக்கு விற்பதே குற்றம். இதைத் தடுக்க, ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்கட், தாணே, பால்கர் ஆகிய ஐந்து மாவட்டங்களின் அல்போன்சோவுக்கு 2018இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தேவ்கட் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் பழத்துக்குப் பழம் தனி எண் கொண்ட முத்திரை ஒட்டும் முறையையும் தொடங்கியது.

இங்கே ஒன்றை நம் இல்லத்தரசிகள் மனத்தில் கொள்ளவேண்டும். புவிசார் குறியீடு பிறந்த ஊரைச் சொல்லுமேயன்றி வளர்த்த முறையைச் சொல்லாது. அருகில் விளைந்தது என்பதனாலேயே அது மருந்தில்லாதது ஆகிவிடாது. மருந்தில்லாதது என்பதனாலேயே அருகில் விளைந்தது ஆகிவிடாது. இரண்டுக்கும் தனித்தனிச் சான்று உண்டு. இயற்கை விளைபொருளுக்கு 2017இல் 'ஜைவிக் பாரத்' என்னும் முத்திரை அறிமுகப்படுத்தப்பட்டது.

பழுக்கவைக்கும் முறை மூன்றாவது செய்தி. கார்பைடுக் கல்லால் பழுக்கவைப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் முதலிய நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக்கூடும். அதற்கு மாற்றாக, பழங்கள் தாமே வெளிவிடும் எத்திலின் வாயுவை உரிய அளவில் பயன்படுத்த 2016இல் அனுமதி அளிக்கப்பட்டது. தோல் முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்து, உள்ளே புளித்து, மணமும் இல்லையானால் ஐயப்படுவது நல்லது.

நாம் செய்யத்தக்கது

நம்மவரில் பலர் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர். விலையைப் பாராமல் வாங்குங்கள் என்று அவர்களிடம் சொல்லுவது அறமாகாது. ஆயினும் வழி உண்டு. பருவத்தின் தொடக்கத்தில் வரும் பழத்துக்கு விலை மிக அதிகம். மே மாதத்தில் அதே கனி வெகுவாக இறங்கிவிடும். ஆசையைச் சற்றுப் பொறுத்தால் இயற்கைக் கனியும் கைக்கு எட்டும். ஐந்தாறு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தோட்டக்காரரிடமே பெட்டி கேட்டு, சான்றிதழைப் பார்த்து, ஒரு பகுதிப் பணத்தை முன்னதாக அனுப்பிவிட்டால், இடையில் பெயர் மாறும் அச்சம் குறையும். அவருக்கும் கைமுதல் கிடைக்கும். காயாகவே வரவழைத்து வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்கவிடும் வித்தையை நம் பாட்டிமார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமது சங்கம் இம்முயற்சியை வரும் பருவத்தில் மேற்கொள்ளலாம்.

தோலில் இரண்டு புள்ளி இருந்தால் முகம் சுளிக்காமல் வாங்குவோமாக. பாறையைப் பிளந்து மரம் வைத்தவன், மூன்று ஆண்டு பொறுத்திருந்தவன், நம்மிடம் கேட்பது தருமமன்று. சொன்ன விலையைச் சொன்னபடி கொடுக்கும் நேர்மையே.